ஒரு கைத் தண்ணீர்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என்றாலும் இதை நானே எழுதுகிறேன்.

என் தங்கை மகள் ரோசாவின் குழந்தைக்கு நான்தான் ஞானத்தாயாக நிற்க இருந்தேன். ஞானஸ்நானச் சட்டையின் ஓரத்துக்கு என் கையால் நூல் ரேந்தை பின்னி முடிக்க வேண்டும் என்று ஞானஸ்நானத்தையே மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். "கடைச் சட்டை போட்டா என்ன, பெரியம்மா? ஆண்டவர் ரேந்தையா பாக்கப்போறார்?" என்று ரோசா சிரித்தாள். நான் கேட்கவில்லை.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. குழந்தையை உயிரோடுதான் தண்ணீரிலிருந்து எடுத்தோம். ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அதற்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை இல்லை. "ஞானஸ்நானம் குடுக்கச் சுவாமியக் கூட்டித்து வாறன்" என்று பங்குக் குருவைத் தேடி ஓடினேன். சுவாமியோடு திரும்பியபோது ரோசா குழந்தையின் முகத்தை மூடியிருந்தாள்.

"ஆபத்து நேரத்தில நீங்களே தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாமே, அம்மா" என்றார் சுவாமி. இத்தனை வருடம் கோயிலுக்குப் போன எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ரோசாவின் அடுத்த பிள்ளைக்கு எட்டாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாக வேறொருத்தி நின்றாள். நான் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன்.

இப்போது பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய், தண்ணீர் ஊற்றும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தாய்மாருக்குப் பழக்குகிறேன். பிழையில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை எழும்பமாட்டேன்.