சடங்கு வீட்டு மைக்கும் நானும்

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை, குடத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவுவது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சீவல்தான். எனக்கு நேர் எதிரே, ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு நாற்காலி. அதற்கு மேலே ஒரு ஃபேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து குடங்களை நோட்டில் குறிக்கிற பெண் பத்தாவது பாஸ். நான் எட்டாவது. இரண்டு வகுப்பு வித்தியாசத்தில் அவளுக்குக் காற்று, எனக்கு வேர்வை. பெண் பிள்ளைகளின் படிப்புக்காக நான் பின்னால் செய்ததெல்லாம் அந்த ஃபேனைப் பார்த்துப் பார்த்து வந்த வயிற்றெரிச்சலில் தொடங்கியதுதான். ஊரில் என்னைச் சமூக சேவகி என்றார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் மறுக்கவில்லை.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது எழுபதுகளின் தொடக்கத்தில், விளாங்குடியில், என் சடங்கோடு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை சமைந்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொன்னால் போதாது. பந்தல் போட வேண்டும், வாழை கட்ட வேண்டும், பிள்ளையைப் பச்சை ஓலைக் குச்சுக்குள் உட்கார வைக்க வேண்டும், தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வர வேண்டும். அதற்கும் மேலே, மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டி, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் வாசிக்க வேண்டும். கொடுக்கிறவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், மைக் செட்டுக்காரர் வாசிப்பார். ஒரு எவர்சில்வர் அண்டா வந்த சேதி வைகைக்கு அந்தப் பக்கம் வரை போய்ச் சேரும். என் சடங்கில் இரண்டு அண்டா, ஒரு ஜோடி கொலுசு, நாலு பட்டுச்சேலை, ஒரு சுவர்க் கடிகாரம் வந்தன. கடிகாரம் ஒரு மாதத்தில் நின்றது. நான் அதற்கு முன்பே நின்றுவிட்டேன்.

முதல் சீட்டைத் திட்டம் போட்டெல்லாம் எழுதவில்லை. எண்பதுகளின் ஆரம்பம். என்னோடு பிசிறு சீவுகிற அக்கா ஒருத்தியின் மகளுக்குச் சடங்கு. அந்தப் பிள்ளை ஏழாவது படித்தது. "இனி எங்கிட்டுப் பள்ளிக்கூடம், வீட்ல இருந்து ஆட்டைப் பாக்கட்டும்ண்டு அவுக அப்பா சொல்லிட்டாக" என்று கம்பெனியிலேயே அந்த அக்கா அழுதுவிட்டாள். எனக்கு அண்டா வாங்க வசதியில்லை. ஒரு டஜன் நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். சீட்டில் இப்படி எழுதினேன்: 'கப்பலூர் கம்பெனி அக்கா அன்பளிப்பு, நோட்டு ஒரு டஜன். பிள்ளை வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது எடுத்துப் போக வேண்டியது.'

மைக் செட்டுக்காரர்கள் படித்துப் பார்த்துவிட்டு வாசிப்பவர்கள் அல்ல. வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று பார்ப்பார்கள். அவர் அண்டா ராகத்திலேயே முழுவதையும் வாசித்துவிட்டார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் அப்பா இலைக்கட்டோடு நிமிர்ந்தார். தாய்மாமன் மீசையைத் தடவினார். எவளோ ஒரு கம்பெனிக்காரி நோட்டு கொடுக்கும்போது தாய்மாமன் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன மரியாதை? அவரும் சீட்டு எழுதச் சொன்னார். 'தாய்மாமன் சீர், பள்ளிக்கூட யூனிபார்ம் ரெண்டு செட்.' இதைக் கேட்டு அப்பா வழிப் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்தது. 'பெரியப்பா சார்பாக, பத்தாவது முடிய டவுன் பஸ் பாஸ்.' இனி பிள்ளையை அனுப்பாவிட்டால் அப்பா ஒருவருக்கு மட்டுமல்ல, மூன்று வீட்டுக்கும் கேவலம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். எனக்கு முள் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு முகூர்த்த ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு பந்தலில் இருந்தேன். அழைத்த வீடு, அழைக்காத வீடு என்ற பேதம் பார்க்கவில்லை. ஒருமுறை தூரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டு நுழைந்து, அவசரத்தில் சீட்டைக் கொடுத்துவிட்டேன். அது காதுகுத்து. ஒன்பது மாதக் குழந்தை வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று மைக்கில் வாசித்துவிட்டார்கள். அதன் தாய்மாமன் அதற்கும் யூனிபார்ம் அறிவித்தார்.

காளவாசலில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், "ஓசிச் சாப்பாட்டுக்கு அலையிறவுககூட இம்புட்டு வீடு போக மாட்டாக" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் சீட்டு போய் மைக்கே என் கைக்கு வந்தது. 'இப்போது நம்ம அக்கா ரெண்டு வார்த்தை பேசுவார்கள்' என்பார் மைக் செட்டுக்காரர். ரெண்டு வார்த்தை என்றால் எங்கள் ஊரில் இருபது நிமிஷம்.

பேச என்னிடம் இருந்தது என் கதை ஒன்றுதான். "நானும் இந்த மாதிரி ஒரு குச்சுக்குள்ள உக்காந்தவதான். வகுப்புல மொத மார்க்கு. சடங்கு முடிஞ்சதும் படிப்பை நிப்பாட்டிட்டாக. இன்னைக்குக் குடம் சீவிக்கிட்டு இருக்கேன்." இதுதான் சாரம். முதல் மார்க் என்பது கொஞ்சம் கூடுதல். நான் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிறவள். எந்த இடத்தில் நிறுத்தினால் எந்த வரிசை அழும் என்பது பேசப் பேசப் பிடிபட்டது. குடம் என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சை ஒரு கணம் பிடித்தால், பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும். கர்வமும் வந்தது. வராமல் இருக்குமா? பிசிறு சீவுகிறவளுக்குப் பந்தலில் நாற்காலி போட்டு, டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

எனக்குக் கைதட்டுகிறவர்களில் முதல் ஆள் என் அண்ணன். விளாங்குடியில் அப்பா விட்டுப்போன நிலத்தில் நெல் போடுகிறவர். "எந் தங்கச்சி பேசுனா கல்லும் கரையும்" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அவர் மகள் சமைந்தபோது தெரிந்தது. அவள் ஒன்பதாவது படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி. மதினியின் தம்பி, அதாவது அவளுடைய தாய்மாமன், சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். பெண்ணைத் தனக்கே கட்டிக்கொடுக்கச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு டிராக்டர் மேல் ஆசை. சடங்குக்கு நாள் குறிக்கும்போதே படிப்பு முடிந்தது என்று பேசிவிட்டார்கள்.

மைக் செட்டுக்காரரிடமும் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். நான் சீட்டை நீட்டியதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீகக்கா. ஒங்க சீட்டை மட்டும் வாங்கக் கூடாதுண்டு அண்ணே சொல்லிட்டாக."

மைக் இல்லாவிட்டால் என்ன, செம்பு இருந்தது. சடங்கில் பிள்ளை தலையில் முதல் தண்ணீர் ஊற்றுவது அத்தை. அத்தை ஊற்றாமல் வேறு யாரும் ஊற்ற மாட்டார்கள். பிள்ளையை மனையில் உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"ஊத்துத்தா, நேரம் போகுது" என்றார் அண்ணன்.

"ஊத்துறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போறாளாண்டு சொல்லுண்ணே."

"அப்புறம் பேசிக்கிருவோம். மொதல்ல ஊத்து."

"மைக்ல சொல்லு."

ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சமையல்காரர் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதினி பல்லைக் கடித்தாள். தாய்மாமன் பார்த்த பார்வையில், கையில் சாவி இருந்திருந்தால் டிராக்டரை என் மேலேயே ஏற்றியிருப்பார். கடைசியில் அண்ணன் மைக்கைப் பிடுங்கினார்.

"என் மக வார திங்கக்கெழமை பள்ளிக்கூடம் போறா. பத்தாவது முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு கெடையாது. போதுமாத்தா?"

அந்தப் 'போதுமாத்தா'வும் சேர்ந்து நாலு குழாயிலும் போனது. ஒரு குழாய் திண்டுக்கல் ரோட்டைப் பார்த்திருந்தது, இன்னொன்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருந்தது. நான் தண்ணீரை ஊற்றினேன். பந்தலே கைதட்டியது. மனையில் இருந்தவள் அப்போது எப்படி முகத்தை வைத்திருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. மதினி வீட்டு வழியாக வந்த சேதி மத்தியானமே கம்பெனிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் நேரே விளாங்குடிக்குப் போனேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் சொன்ன சொல்லு மாறல. அவதான் போக மாட்டேங்குறா. வேணும்ண்டா நீயே கேளு. இந்த வாரம் முச்சூடும் பாப்பேன். போகலைண்டா டிராக்டர் மாப்ளைட்டக் கல்யாணத் தேதி கேட்டுருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

உள்ளே போனேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் என் ரெண்டு வார்த்தையைத் தொடங்கினேன். குச்சு, முதல் மார்க், குடம். குடத்துக்கு முன்னால் மூச்சையும் பிடித்தேன். அவள் ஒரு பாவாடையை நீவி மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிச்சிட்டியா அத்தை?"

"என்னடி?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சாம். எங்க கிளாஸ் பயலுக அம்புட்டுப் பேரும் கேட்டுருக்காங்கெ. நான் ஆளானது, நீ தண்ணி ஊத்தாம நின்னது, நான் திங்கக்கெழமை வாரது, எல்லாத்தையும். கெழமை வச்சுச் சொல்லிட்டீக. நான் எப்பிடி அந்த பஸ்ஸுல ஏறுவேன்?"

"அதுக்காக?"

"காய்ச்சல்ண்டு லீவு லெட்டர் குடுத்துட்டு, ஒரு வாரங் கழிச்சுச் சத்தமில்லாமப் போயிருப்பேன். அப்பாவை நாஞ் சமாளிச்சிருப்பேன். நீ அப்பாட்டக் கேட்ட, மாமாவைக் கேக்க வச்ச, ஊரையே கேக்க வச்ச. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அத்தை?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்தச் சுண்டைக்காய்க்காகவா செம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பகைத்தேன் என்று நினைத்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியபோது, இத்தனை பந்தலில் இத்தனை தடவை சொன்ன என் கதையில் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

என் படிப்பை யாரும் நிறுத்தவில்லை. சடங்கு முடிந்த மறுவாரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பள்ளிக்கூடம் போறியாத்தா? போறதுண்டா போ" என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். நான் குச்சுக்குள் உட்கார்ந்திருக்க, என் உடம்பில் நடந்தது குழாய் வழியாகத் தெருத் தெருவாகப் போயிருந்தது. வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தது. பக்கத்து பெஞ்சுப் பையன்கள் வீட்டுக்கெல்லாம் போயிருந்தது. அந்த முகங்களுக்கு முன்னால் போய் உட்கார என்னால் முடியவில்லை. அப்பா இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நான் போகாதது அவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒரு தடவை கேட்டார் என்பது நிஜம்.

மைக் கைக்கு வந்தபோது அதை வெட்டிவிட்டேன். போக மாட்டேன் என்று தானே சொன்னவளுக்காக எந்தப் பந்தல் அழும்? வெட்டினது போதாதென்று, என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் செய்த அதே குழாயில்தான் மற்றப் பிள்ளைகளைப் போ, போ என்று விரட்டிக்கொண்டிருந்தேன். போன பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு மாதம் தாண்டினார்கள் என்று நான் திரும்பிப் போய்ப் பார்த்ததும் இல்லை. வெட்கமாக இருந்தது. குடம் சீவுவதற்கு ஒருநாளும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவளிடம் இதைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீ போயிருக்கணும் அத்தை."

"ஆமா, போயிருக்கணும்."

"பயலுக என்ன, ரெண்டு நாளு கத்துவாங்கெ. மூணாவது நாளு வேற யாரையாச்சும் பாத்துக் கத்துவாங்கெ."

இதை எனக்குச் சொல்லும்போதே அவள் தனக்கும் சொல்லிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் பேச்சாளியாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் மிச்சத் துணியை மடித்து முடித்தாள்.

"புதன்கெழமை போறேன். அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன். நீ கூட வரக் கூடாது. வந்தாலும் எட்ட நிக்கணும், வாயத் தெறக்கக் கூடாது."

புதன்கிழமை கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விளாங்குடி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். அவள் தாவணி போட்டு, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டாப்பில் ஐந்தாறு பையன்கள் நின்றார்கள். ஒருவன் இரண்டு கையையும் வாயில் குழாய் மாதிரி குவித்துக்கொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, திங்கக்கெழமை வர வேண்டிய..." என்று ஆரம்பித்தான். எனக்கு நாக்கு அரித்தது. அவன் வம்சத்தையே இழுத்து வைக்கிற மாதிரி நாலு வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. டீ கிளாஸைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ சொல்லாமலே ஆரம்பிச்சுட்டியடா" என்றாள்.

மற்றப் பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் வந்தது. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பியைப் பிடித்தவள் படியில் கால் வைக்காமல் ஒரு கணம் நின்றது ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. ஏறிவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். அழுகை வந்தது. ஊரையெல்லாம் அழ வைத்துப் பழகியவளுக்குத் தன் அழுகையை எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை. அப்படியே பேசாமல் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கிளாஸைக் கொடுக்கும்போது டீக்கடைக்காரரிடம், "எங்க அண்ணன் மக. ஒம்பதாவது படிக்கிறா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார் அவர், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "அதான் மைக்ல சொன்னாகளே. ரெண்டு நாளு லேட்டு போல."