இருசப்பன் கட்டிய புடவைகள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்தத் தீபாவளிக்கு எந்தப் புடவை வந்தாலும், அதை முதலில் மேலே போட்டுப் பார்த்தவர் ஒரு மீசைக்காரர். பெயர் இருசப்பன், ஊர் கச்சிராயபாளையம். நைலக்ஸ் வந்தபோதும் அவர்தான், பூப்போட்ட பாலியஸ்டர் வந்தபோதும் அவர்தான். ஜரிகை ஒரு சாண் அகலத்துக்கு ஏறி, விரல் அகலத்துக்கு இறங்கி, மறுபடியும் ஏறியதையெல்லாம் தன் தோளிலேயே தாங்கியவர். சினிமா நடிகைகளே அவருக்குப் பின்னால்தான் என்று சொன்னால் மிகை. தாலுகா அளவில் சொன்னால் அவ்வளவு பெரிய மிகையில்லை.

ஜவுளிக்கடையில் புடவைப் பக்கம் நிற்கும் ஆண்களுக்கு இதுதான் வேலை. விரித்துக் காட்டினால் போதாது, "மேல போட்டுக் காட்டுங்க" என்பார்கள். சட்டைக்கு மேலேயே கொசுவம் மடித்து இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் தவழவிட்டு, இப்படியும் அப்படியும் திரும்பி நிற்க வேண்டும். எதிரே மெத்தைமேல் ஒரு குடும்பமே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அதே ஆள் அதே கோலத்தில் தெருவில் போனால் பின்னாலேயே பிள்ளைகள் ஓடும். கடைக்குள் அது வியாபாரம், அதற்கென்று ஒரு மரியாதை உண்டு.

எழுபதுகளின் கடைசியில் காசிநாதன் ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கத்தான் இருசப்பன் சேர்ந்தார். அப்போது புடவைப் பக்கம் நின்றவர் நல்ல சிவப்பு. எதைப் போட்டாலும் அவருக்கு எடுப்பாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பெண்கள் கட்டிப் பார்த்தால் அது வேறு புடவையாக இருக்கும். ஒரு நாள் ஒரு மாமியார் பொறுமையிழந்துவிட்டார்.

"இவரு மேல கோணிப்பையப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். எம் மருமவ கருப்பு. தோ மூட்ட தூக்கிக்கினு போறாரே, அவரு மேல போட்டுக் காட்டுங்க."

இருசப்பன் மூட்டையை இறக்கி வைத்தார். அரக்கு நிறப் புடவை அவர் தோளில் ஏறியது. மாமியார் உடனே விலையைக் கேட்டார். காசிநாதன் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கருப்புன்னு சொல்லி வேலைக்கு வாணாம்னு அனுப்பினவன் எத்தினியோ பேரு இருப்பான்டா. நான் அதுக்காகவே வெச்சிக்கிறேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தன்னை அழ வைத்த நிறம் சோறு போடும் என்று இருசப்பன் எதிர்பார்க்கவில்லை. காசிநாதனுக்கு நன்றி சொன்னார், அந்த மாமியாருக்குச் சொன்னார். பெற்று விட்ட தாய்க்கும் அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த விஷயத்தில் நன்றி சொன்னார். நன்றி சொல்வது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம்கூட நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் காலை எடுப்பார்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிற கூட்டத்தில் கல்யாணப் பெண் பெரும்பாலும் இருக்க மாட்டாள். "பொண்ணு உங்க ஒயரந்தாங்க", "நெறம் உங்களுக்கு ஒரு பங்கு கம்மி", "கழுத்து இன்னும் கொஞ்சம் நீளம்" என்பார்கள். இருசப்பன் கழுத்தை நீட்டிக்கொள்வார். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கும் சரி, நைனார்பாளையத்துக்காரர்களுக்கும் சரி, பார்க்காத பெண்ணுக்காக நின்று கொடுத்தார். பொருந்தாததைப் பொருந்தாது என்று சொல்வதில் மட்டும் அவருக்கு நன்றியும் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. "இது வாணாம்மா, எடுக்காது" என்று அவரே உருவி மடித்து வைத்துவிடுவார். அதனாலேயே அவரிடம் வந்தார்கள். புடவை விற்கிறவர் புடவையை வேண்டாம் என்று சொல்லியே பெயர் வாங்கியது அந்தக் கடையில்தான்.

ஃபேஷனுக்கு வெளிநாட்டில் நான்கு பருவம் என்பார்கள். இங்கே இரண்டுதான், கரும்புப் பணம் வருவதற்கு முன் ஒன்று, வந்த பின் ஒன்று. இரண்டிலும் இருசப்பனுக்கு ஓய்வில்லை. அப்படிப்பட்டவரின் மனைவி ராஜாம்பாள் தன் புடவையைச் சங்கராபுரத்தில் போய் எடுத்தார்.

"ஊருல இருக்கறவளுக்கெல்லாம் கட்டி அவுத்தத எனக்கும் கொண்டாந்து குடுக்காத" என்பது அவர் கட்சி. இருசப்பன் மறுத்துப் பேசியதில்லை. அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது.

காசிநாதன் வயதாகி வீட்டோடு இருந்துவிட, மகன் பொறுப்புக்கு வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர், நல்ல பையன், அதில் சந்தேகமில்லை. பழைய கடையை இடித்து மூன்று மாடி கட்டினார். மெத்தை போயிற்று, கண்ணாடி மேசையும் உயரமான ஸ்டூலும் வந்தன. மதுரைப் பக்கமிருந்தோ மும்பையிலிருந்தோ ஃபைபர் பொம்மைகள் வந்து இறங்கின. எல்லாம் பால் நிறம், கூர்மூக்கு, ஒன்றுக்கும் மீசை இல்லை.

"புடவ செக்ஷன இனிமே பொண்ணுங்க பாத்துக்கட்டும்ண்ணா" என்றார் சின்ன முதலாளி. "நீங்க கீழ வேட்டி, துண்டு பாருங்க. உக்காந்துக்கினே வேலை. தீபாவளி வரைக்கும் பாப்போம். மேல அவங்க சமாளிச்சிட்டா அப்படியே இருந்துடட்டும்."

"ரொம்ப நன்றிங்க தம்பி" என்றார் இருசப்பன்.

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. கை குவியவில்லை. வேட்டியை யாரும் மேலே போட்டுக் காட்டச் சொல்வதில்லை. வேட்டி எல்லாருக்கும் பொருந்தும், அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழு வாழ்க்கையையும் நின்று கழித்தவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாடிப்படியில் யாராவது புடவைக்கட்டோடு ஏறினால் இருசப்பன் கழுத்து தானாகத் திரும்பியது. தீபாவளி தாண்டினால் இந்த நாற்காலிதான் நிரந்தரம் என்பது அவருக்குத் தெரியும்.

தீபாவளிப் புடவைகளை இறக்கிய அன்று சின்ன முதலாளி வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்தார். தெரு ஓரத்திலிருந்து கண்ணாடிக் கதவு வரை கம்பளம், இரண்டு பக்கமும் பித்தளைத் தூண், தூணுக்குத் தூண் கயிறு. நடந்து வருகிறவர்களைப் படம் பிடிக்க ஒரு போட்டோகிராபர் வேறு.

"நம்ம கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் ஸ்டார் மாதிரி உள்ள வரணும்" என்று அவர் சொன்னது மனசாரச் சொன்னதுதான்.

காலையில் முதலில் வந்தவர் நைனார்பாளையம் பெரியம்மாள். மகனுக்குப் பெண் பார்த்து முடித்து, முகூர்த்தப் புடவை எடுக்கச் சொந்தபந்தத்தோடு வந்திருந்தார். கம்பளத்தைப் பார்த்ததும் அந்தப் படை நின்றது. "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார் வாட்ச்மேன்.

"இருக்கட்டுங்க. யாரோ மந்திரி வர்றாப்ல இருக்குது. அவரு வந்துட்டுப் போவட்டும்" என்று எதிர்க்கடை நிழலில் போய்க் குந்திக்கொண்டார்கள். அடுத்து மலையிலிருந்து வந்தவர்கள் இவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தாங்களும் உட்கார்ந்தார்கள். இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் வருகிறவர் மந்திரிக்கும் மேலே என்று அதற்கடுத்து வந்தவர்கள் முடிவு செய்தார்கள். வெயில் ஏறுவதற்குள் தெரு அடைத்துவிட்டது.

சின்ன முதலாளி மாடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துப் பூரித்துப் போனார். "கார்ப்பெட்டோட பவர பாத்தியா?"

"கூட்டம் வெளிய இருக்குதுங்க சார். உள்ள நாமதான் இருக்கறோம்" என்றாள் புடவைப் பக்கத்து இசபெல்லா.

கீழே இருசப்பன் எட்டிப் பார்த்தார். பெரியம்மாளை அடையாளம் தெரிந்தது. அவருடைய கல்யாணப் புடவைக்கு இவர்தான் நின்றவர். வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இங்க குந்திக்கினீங்க?"

"மந்திரி எத்தினி மணிக்கு வர்றாராம்?"

"மந்திரியும் இல்ல, ஒருத்தரும் இல்ல. அது உங்களுக்குத்தான் விரிச்சிருக்குது."

"எங்களுக்கா? இந்தக் கால வெச்சிக்கினா?" பெரியம்மாள் புழுதி படிந்த பாதத்தைக் காட்டினார். "நீங்களே கயிறுக்கு வெளிய ஓரமாத்தான வந்தீங்க?"

இருசப்பன் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் வந்திருந்தார்.

"அது கெடக்கட்டும். அந்த பொம்ம கட்டிக்கினு நிக்குதே கத்திரிப்பூ கலரு, அது எங்க பொண்ணுக்கு எடுக்குமா? சேலத்துல நர்ஸ் படிக்குது, பரிச்ச, வர முடியல. உங்க நெறந்தான்."

"உள்ள வந்து பாருங்கம்மா, மேல பொண்ணுங்க காட்டுவாங்க."

"உள்ள லைட்டுல எல்லாம் மின்னும். வெய்யில்ல காட்டுங்க. பொம்ம மேல வாணாம், உங்க மேல."

"நான் இப்ப வேட்டி செக்ஷன்ம்மா."

"அப்ப நாங்க வேற கடைக்குப் போறோம்" என்றார் பெரியம்மாள், கோபமில்லாமல். அதுதான் இருசப்பனை உலுக்கியது.

உள்ளே போனார். பொம்மையிடமிருந்து புடவையை உருவினார். வெற்றுடம்பாக விட மனம் வராமல் தன் பக்கத்திலிருந்து ஒரு எட்டுமுழ வேட்டியை எடுத்து அதற்குச் சுற்றிவிட்டார். கொசுவம் மடித்தார், செருகினார், முந்தானையை இறக்கினார். எதுவும் மறந்து போயிருக்கவில்லை. கதவைத் திறந்ததும்தான் யோசனை வந்தது. ஓரத்தில் ஏசி தண்ணீர் சொட்டிச் சேறாகிக் கிடந்தது. பட்டு அதில் புரளக் கூடாது. சுத்தமான வழி ஒன்றுதான் இருந்தது.

இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கம்பளத்தில் இறங்கினார்.

காலையிலிருந்து வேலையில்லாமல் இருந்த போட்டோகிராபர் பளிச்சென்று ஆரம்பித்துவிட்டார். கத்திரிப்பூ நிறம், நரைத்த மீசை, பின்னால் ஒரு முழம் இழுபடுகிற முந்தானை. இருசப்பன் நடுக் கம்பளத்தில் வந்து நின்றார். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் எழுந்து கயிறு வரை வந்துவிட்டார்கள்.

"திரும்புங்க." திரும்பினார்.

"முந்தாணிய ஒசத்திப் புடிங்க." பிடித்தார்.

"இன்னாங்க, மாப்ள பாக்க வந்தாப்ல தலய குனிஞ்சிக்கினு? நிமிந்து நில்லுங்க."

நிமிர்ந்தபோதுதான் வெயில் புடவைமேல் நேராக விழுந்தது. இருசப்பன் தன் கையின்மேல் அந்தத் துணியை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சின்ன முதலாளி வந்து நின்றதும் தெரிந்தது. இந்தப் பருவத்துக்காக அவரே போய்த் தேர்ந்தெடுத்து வந்த புடவை அது. நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுபம்.

"இது வாணாம்மா" என்றார் இருசப்பன். "வெய்யில்ல சாம்பல் பூத்தாப்ல இருக்குது. நம்ம நெறத்துக்கு எடுக்காது."

"அப்ப எடுக்கறதக் காட்டுங்க" என்று பெரியம்மாள் செருப்பைக் கழற்றிக் கம்பள ஓரத்தில் வைத்துவிட்டு, இருசப்பன் பின்னாலேயே நடந்தார். அவருக்குப் பின்னால் மலைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் தெரு. வாசலில் குவிந்த செருப்புக்கு வாட்ச்மேன் அன்று முழுக்கக் காவல் இருந்தார்.

சின்ன முதலாளி இருசப்பனோடு மாடியேறினார்.

"பொம்மைக்குப் போட்டது நல்லால்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களேண்ணா."

"நல்லாலீங்க தம்பி."

"என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"என்னத்தான் வேட்டிக்கு அனுப்பிட்டீங்களே."

மாடியில் பெண்கள் உயர ஸ்டூல்களை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். பெரியம்மாளுக்கு முன்னால் இசபெல்லா அரக்குப் புடவை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, இது உங்க பார்ட்டி" என்று கூப்பிட்டாள்.

"போங்க" என்றார் சின்ன முதலாளி. "கீழ வேற ஆள போட்டுக்கறேன்."

"நன்றிங்க தம்பி." இந்த முறை கையும் சேர்ந்து சொன்னது. "அப்புறம் ஒண்ணுங்க. அந்தக் கம்பளத்த மேல கொண்டாந்து விரிச்சிடலாங்களா? வெறுந்தரையில குந்தியிருக்காங்க."

மறுநாளே கம்பளம் மாடிக்கு வந்தது. யாரும் நடக்கத் துணியாத அதன்மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள், குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். சிவப்பான பெண்ணுக்கு இசபெல்லா நின்றாள், கருப்பான பெண்ணுக்கு இருசப்பன். யாருக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

போட்டோகிராபர் எடுத்ததில் ஒரு படத்தைச் சின்ன முதலாளி கண்ணாடி போட்டுக் கொடுத்தார். இருசப்பன் கூச்சத்தோடு அதை வீட்டுக்குக் கொண்டு போனார். ராஜாம்பாள் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கத்திரிப்பூ உனக்கு எடுக்கல."

"நானும் அதான் சொன்னேன்."

"அரக்குதான் நமக்கு எடுக்கும்" என்று படத்தைச் சாமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டினார் ராஜாம்பாள். "இந்த தீபாவளிக்கு எனக்கு ஒண்ணு கொண்டா. நீ மேல போட்டுப் பாக்காதத."

இருசப்பன் நன்றி சொல்ல வாயெடுத்தார். ராஜாம்பாள் அதற்குள் சோறு போட உள்ளே போய்விட்டார்.