எண்ணிக்கையில் ஏறாத மூன்று வரிசை

“மீன் நாத்தம் புடிச்ச கையால அதத் தொடாதம்மா, துரு ஏறிடும்” என்றார் கணக்கர். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். மேனேஜரும் சிரித்தார்.

பழவேற்காட்டில் இறால் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். அதே கம்பெனியின் கொட்டகையில் அம்மா இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். லீவு நாட்களில் நானும் கிள்ளியிருக்கிறேன். கணக்கர் குத்திக் காட்டியது அதைத்தான்.

சில மாதம் கழித்து மெட்ராஸ் ஆபீஸ் ஒரு புதிய புரோகிராமை அனுப்பியது. போட்டதும், மெமரி போதாது என்று திரையில் எழுதிவிட்டு மெஷின் நின்றுவிட்டது.

“டிஸ்க்குல பாதி காலியா கெடக்குதுன்னு நீதானம்மா சொன்ன?” என்றார் மேனேஜர்.

“அது வேற, இது வேற சார். டிஸ்க்குன்றது நம்ம ஐஸ் ரூம் மாதிரி. மெமரின்றது கொட்டகையில இறாலக் கொட்டிப் பிரிக்கிற மேசை. ஐஸ் ரூம் எவ்ளோ பெருசா இருந்தாலும், மேசை சின்னதுன்னா கூடைய எங்க கொட்டுவீங்க?”

“அப்ப கரண்டு போனா அடிச்சதெல்லாம் போவுதே, அது?”

“கொட்டகைய மூடறப்ப மேசையக் கழுவி வுட்டுடறாங்கல்ல, அதான். எடுத்து ஐஸ்ல வெச்சது மட்டும் தங்கும்.”

அவருக்குப் புரிந்தது. புரிந்த முகத்தோடு மெட்ராஸுக்கு போன் போட்டு, அதே மேசையையும் ஐஸ் ரூமையும் தன் சொந்த யோசனை போலச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மெட்ராஸ் ஆபீஸ் சொல்லி, ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். மூடியைக் கழற்றினார். பச்சை அட்டையில் மெமரி சில்லுகளுக்கு நான்கு வரிசை இருந்தது. ஒன்றில் மட்டும் சில்லுகள் இருந்தன. மற்ற மூன்றிலும் அவர் கொள்ளளவு கூடியதும் குறைந்ததுமாகப் புதுச் சில்லுகளைக் குத்திக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், புடவை படப்போவுது” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, மூடியைப் போட்டு, மெஷினை ஓட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் ஆன் செய்தேன். ஆன் ஆனதும் மெஷின் தன் மெமரியை எண்ணித் திரையில் காட்டும். 640 வரை எண்ண வேண்டிய மெஷின் பழையபடி 256-லேயே நின்றது.

மறுநாள் நான் வருவதற்குள் கணக்கர் மூடியைத் திறந்து, புதுச் சில்லுகளின் கால்களுக்கெல்லாம் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைத்திருந்தார். எங்கள் ஊரில் பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் எதுவானாலும் உப்புக்காற்றுக்கு எண்ணெய்தான் வைத்தியம். அப்படியும் எண்ணிக்கை ஏறவில்லை.

“உப்புக் காத்து இல்ல சார், கைராசி” என்றார் அவர் மேனேஜரிடம். மேனேஜர் என்னைப் பார்த்தார். “திங்கக்கெழமைக்குள்ள ஓடலைன்னா மெஷின மெட்ராஸுக்கே அனுப்பிடுவேன். அப்பால உனக்கு இங்க இன்னா வேலை? கொட்டகையிலதான் ஆள் பத்தலன்றாங்க.”

அன்று எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் வந்ததல்ல.

ஏரியில் இறால் பிடிக்கும் இடத்தை நாங்கள் பாடு என்போம். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். ஆள் இருந்தால் மட்டும் போதாது, ஊர் எண்ணிக்கையில் அவன் தலைக்கட்டாக, வரி கொடுக்கும் குடும்பத் தலைவனாக ஏறியிருக்க வேண்டும். ஏறுவதெல்லாம் ஆண்கள்தான். நைனா செத்த வருடம் எங்கள் முறை போயிற்று. வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அக்கா, நான். மூன்று பேருக்கும் கையும் காலும் இருந்தன, வலையும் இருந்தது. “ஆம்பள இல்லாத வூட்டுக்கு இன்னாத்துக்குப் பாடு?” என்று கேட்டு முடித்துவிட்டார்கள். அம்மா கொட்டகைக்குப் போனாள்.

புதுச் சில்லுகளைப் பற்றி யோசித்தபோது எனக்கு அதுதான் மண்டையில் அடித்தது. அவை உட்கார்ந்துதான் இருக்கின்றன. அவற்றை எண்ணச் சொல்லி யாரும் மெஷினுக்குச் சொல்லவில்லை. எத்தனை வரிசையை எண்ணுவது என்று அறிவிக்கும் பொடிச் சுவிட்சுகள் அட்டையில் இருக்கும் என்று படித்திருக்கிறேன். இன்ஜினியர் அவற்றைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை மதியம், எல்லோரும் இருக்கும்போதே, கரண்டைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன்.

“ஏய், இன்னா பண்ற?” என்று கணக்கர் எழுந்து வந்தார்.

“நீங்க எண்ணெ தடவுனப்ப யாரும் கேக்கலியே அண்ணே. ஒக்காருங்க.”

இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிக்கொண்டேன். சில்லு ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்து, மேல்விளிம்பில் உள்ள பள்ளம் ஒரே பக்கம் பார்க்கும்படி திரும்பக் குத்தினேன். கால் ஒன்று மடங்கியிருந்தாலும் வேலைக்காகாது. பிறகு ஹேர்பின்னால் சுவிட்சுகளை நான்கு வரிசைக்கு ஏற்றபடி தள்ளிவிட்டு, ஆன் செய்தேன். எண் 256-ஐத் தாண்டி ஓடி 640-ல் நின்றது. புரோகிராம் திறந்துகொண்டது.

மேனேஜர் போனை எடுத்து மெட்ராஸைக் கூப்பிட்டார். “ஓடுதுங்க. நீங்க அனுப்புன இன்ஜினியர் நல்லா பண்ணிட்டுப் போயிருக்காரு.”

“நான் பண்ணேன் சார்.”

அவர் போன் வாயைப் பொத்திக்கொண்டார். “தெரியும்மா. நீ தொறந்தன்னு சொன்னா வாரன்ட்டி போய்டும். உன் வேலைதான் தப்பிச்சிச்சே, வுடு.”

விடவில்லை. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு மெட்ராஸுக்குப் போய், அந்த இன்ஜினியரை அனுப்பிய சர்வீஸ் கம்பெனியில் அவருடைய மேலதிகாரி முன்னால் நின்றேன். எந்தச் சுவிட்சு விட்டுப்போனது என்று சொன்னேன். அவர் நம்பாமல் பழுதான ஒரு மெஷினை என் பக்கம் தள்ளினார். அதையும் திறந்து ஓட வைத்தேன். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அங்கே பயிற்சி இன்ஜினியராக இருக்கிறேன். காலையில் பொன்னேரிக்கு முதல் பஸ், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில்.