ஏழு மணி வேனில் ஒரு ராணி

ஊர்க்காவலன் கம்பெனி வேனில் முன்னால் பார்த்து உட்காருவதில்லை. விஸ்வநத்தத்தில் வேன் கிளம்பியதும் டிரைவர் பக்கத்து சீட்டில் மண்டி போட்டு, சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் பதினெட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். என் அச்சகத்தில் பாழான காலண்டர் தாள். முன்பக்கம் ஆகஸ்ட் மாதம், பின்பக்கம் ஒரு ராஜா.

"தூது போனவன் வந்து சொல்லுதான். மன்னா, ஓலையப் பாத்துட்டாரு, ரெண்டு நீல டிக் விழுந்துட்டு, பதிலு மட்டும் வரல."

வேன் சிரித்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார். சிரிக்காவிட்டால் அடித்துவிடுவார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன். ஷெட்டுக்குள் ஆள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறதா, வாசலில் தண்ணீர் வாளி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை. கேட்டில் போனோடு பேனாவையும் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவர் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சு வராது. "உள்ள சிரிச்சா கை ஆடும் பாய்" என்பார்.

பழைய மேடை நாடகங்களை இந்தக் காலத்துப் பேச்சில் திருப்பி எழுதி ஒன்பது சிறு புத்தகங்கள் போட்டிருக்கிறார். ஒன்பதையும் அச்சடித்தவன் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், மிதி மெஷின் ஒன்றில் ஆரம்பித்து இன்று நாலு ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். இந்த ஹலீம் பாய் மெஷினை நிறுத்தச் சொல்ல சிவகாசியில் ஆள் கிடையாது. பத்தாவது புத்தகத்துக்கு ஊர்க்காவலன் அதைச் சொன்னார்.

"கடைசிக் காட்சிய ஓட்டாதீக பாய். பாண்டிலட்சுமி சிரிக்கல."

பாண்டிலட்சுமி அதே கம்பெனியில் வேலை பார்ப்பவள். வேனில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். எளிதில் சிரிக்க மாட்டாள். அதனாலேயே, அவள் சிரிக்காமல் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது என்று ஊர்க்காவலன் விதி வைத்திருக்கிறார். முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது நடந்த விபத்தில், அவளுடைய வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

கடைசிக் காட்சியில் சந்தேகக்கார ராஜா ராணியைத் தீயில் இறங்கச் சொல்கிறான். இறங்கி வெளியே வரும் ராணி, "பேஷியல் பண்ணுன மாதிரி இருக்கு மன்னா" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர்க்காவலன் மூன்று நாளில் மூன்று தடவை மாற்றி எழுதினார். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் விற்காத புத்தகம் அப்புறம் விற்காது.

"ராணியத் தீயில எறக்காமலே விட்டுருமேன்" என்றேன்.

"அந்தக் காட்சியே இல்லாட்டி அது என்ன நாடகம் பாய்?"

மறுநாள் நானே வேனில் ஏறினேன். புதிதாக எழுதியதைப் படித்தார். வேன் சிரித்தது. பாண்டிலட்சுமி மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காவலன் தாளை இறக்கினார்.

"ஏத்தா, நீயே சொல்லு. அந்த ராணி என்னதான் செய்யணும்?"

"அவ எதுக்குண்ணே எறங்கணும்?" தூக்குவாளியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "'நீரு மொதல்ல எறங்கும்யா. நான் வாளியோட வாசல்ல நிக்கேன்'னு சொல்லச் சொல்லுங்க."

பின் சீட்டு முருகம்மாள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். அப்புறம் டிரைவரே வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பாண்டிலட்சுமியும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். தன் வரிக்குத் தானே முதல் ஆளாகச் சிரிக்கிற ஊர்க்காவலன் அன்று சிரிக்கவில்லை. எழுதி வந்ததைக் குறுக்கே ஒரே கோட்டில் அடித்தார். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதினார்.

கேட்டில் இறங்கியதும் தாளை என்னிடம் நீட்டினார். "ஓட்டுங்க பாய்." பேனாவையும் போனையும் வாட்ச்மேனிடம் கொடுத்தார். பெண்களை முந்திக்கொண்டு போய், பாண்டிலட்சுமி உட்காரும் ஷெட் வாசலில் குனிந்தார். வாளி தளும்பத் தளும்ப இருந்தது கேட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அப்படியும் அவர் முழுக்கைச் சட்டையைக்கூட மடிக்காமல், முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.