டவர் வேண்டாமென்று நான் போட்ட கையெழுத்துகள்

எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்தில் கைப்பேசி டவர் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே எனக்கு மண்டை சூடாகிவிட்டது. என் மகன் முதலாம் ஆண்டு. அவன் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அந்த இடம்தான். வாடகை வரும், பள்ளிக்கு நல்லது என்றார் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். "உங்க பிள்ள ஆறாம் ஆண்டு, அடுத்த வருசம் இங்க இருக்காது, அதான் தெம்பாப் பேசுறீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

லைன் கிடைக்காதது உண்மைதான். தெப்ராவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது எங்கள் தாமான் குடியிருப்பு. மெயின் ரோட்டு மேட்டில் ஏறி நின்றால்தான் நாலு வார்த்தை பேச முடியும். அதற்காகச் சின்னப் பிள்ளைகளின் தலைமாட்டிலா கொண்டுவந்து நடுவது? கம்பெனிக்காரர் படமெல்லாம் காட்டி, ஒன்றும் ஆகாது என்றார். ஒன்றும் ஆகாது என்பவர் தன் பிள்ளையைக் கொண்டுவந்து அங்கே உட்காரவைப்பாரா? எனக்கு விஞ்ஞானம் தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயம் தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினேன். எங்கள் வரிசையில் பாதிப்பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அவர்களுக்கு வரும் பார்சலை வாங்கி வைப்பது, கோயில் ரசீதில் பெயர் எழுதுவது, பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவது எல்லாமே வீட்டில் இருக்கும் எங்கள் வேலை. யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. அதே கையோடு பூட்டிக் கிடந்த பதினொரு வீட்டுக்கும் நானே கையெழுத்தைப் போட்டேன். பெற்றவர்கள் யாராவது டவர் வேண்டும் என்பார்களா என்ன?

சனிக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம். தலைமையாசிரியர் என் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வந்ததும், பின்வரிசையிலிருந்து அவளே எழுந்து நின்றாள்.

புருஷன் விட்டுப்போன பிறகு சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் தனியாளாக உழைத்து மகளைப் படிக்கவைக்கிறவள் அவள். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை என் வீட்டில்தான் இருக்கும். சனிக்கிழமை ஓவர்டைமை அவள் விட்டதே கிடையாது. அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சார், நான் கையெழுத்துப் போடல. எனக்கு டவர் வேணும்."

மண்டபத்தில் சலசலப்பு. "அலமாக், என்ன இது!" என்று யாரோ முனகினார்கள்.

"போன மாசம் என் மகளுக்கு ஸ்கூல்ல மூச்சு இழுத்துச்சு. ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து எனக்கு அடிச்சுப் பார்த்திருக்காங்க, லைன் போகல. ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். பிள்ள இங்க மூச்சுக்குத் தவிச்சிருக்கு, நான் அங்க பார்ட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்போ இந்தக் கையெழுத்து யாரோடது?" என்றார் தலைமையாசிரியர்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, "நான்தான் சார் போட்டேன். சிங்கப்பூர் போறவங்க எல்லாருக்கும் நானே போட்டேன்" என்றேன். அவர் நோட்டை மூடி ஒதுக்கிவைத்துவிட்டு, வந்திருப்பவர்கள் மட்டும் கை தூக்கட்டும் என்றார். நான் வேண்டாம் என்றுதான் தூக்கினேன். தூக்கும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. ஏழெட்டுக் கை வித்தியாசத்தில் எங்கள் பக்கம் ஜெயித்தது. திடலில் டவர் இல்லை என்று முடிவானது. சிலர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

வெளியே வந்து, கேட்டருகில் அவளைப் பிடித்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் மேல கோவமா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் கா. நீங்க கேட்டா நான் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன்."

"பிள்ளைக்கு ஒன்னுன்னா நான் பாத்துக்க மாட்டேனா? அன்னைக்கும் ஸ்கூல்லேருந்து ஆள் வந்து சொன்னதும் நான்தானேம்மா கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுனேன்?"

"ஓடுனீங்க. கஞ்சி வச்சு ஊட்டுனீங்க. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அத மறக்க மாட்டேன்." மகளை ஊஞ்சல் பக்கம் அனுப்பிவிட்டு, அது தூரம் போகும்வரை காத்திருந்தாள். "ஒன்னு மட்டும் சொல்லுங்க கா. அன்னைக்கு அவ என்னைக் கேட்டாளா?"

கிளினிக் நாற்காலியில், முகத்தில் மூச்சு மருந்து மாஸ்க்கை வைத்துக்கொண்டே கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகும், வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டது. இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்க என்று நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேட்டுக்கு ஏறிப் போய் அவளுக்கு ஒரு போன் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை நேரத்தில் அவளை எதற்குப் பயமுறுத்துவது என்று, அதையும் நானே முடிவு செய்திருந்தேன்.

"கேட்டுக்கிட்டேதான்மா இருந்தா" என்றேன்.