பத்து மெகாபிக்சலில் ஒரு முகம்

எத்தனை மெகாபிக்சல் கமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்பவர்கள் பாவம், சும்மாதான் கேட்கிறார்கள்.

யுத்த காலத்தில் நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தேன். பிறந்தது யாழ்ப்பாணம். அடையாள அட்டையில் அது எழுதியிருந்தது; சோதனைச் சாவடியில் யார் அட்டையை வாங்கினாலும் அந்த வரிக்கு வந்ததும் முகம் மாறும். எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த ஆசிரியரைச் சின்ன விசாரணை என்று கூட்டிப்போய் மாதக்கணக்காகியிருந்தது. நானும் மனைவியும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாசலில் ஏதாவது வாகனம் நின்றால் மட்டும் இருவரும் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்வோம்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து மைத்துனி ஒரு கமரா அனுப்பினாள். பத்து மெகாபிக்சல். கந்தோரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் மூன்று, நான்கு. நான் சும்மா இருப்பேனா? சுவரளவுக்குப் பெருப்பிக்கலாம், இலையின் நரம்புகூடத் தப்பாது என்று ஒரு வாரம் அளந்துகொண்டு திரிந்தேன். மனைவிதான் கேட்டாள்:

"அவ்வளவு பெரிசாக்கி ஆருக்குக் காட்டப்போறியள்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை மலைக்கு ஏறினோம். தேயிலைக்கு நடுவில் அவளை நிறுத்தினேன். அவளுக்குப் பின்னால், வெகு கீழே, நகரமும் குளமும். "கொஞ்சம் சிரியும்" என்றேன். "கெதியா எடுங்கோ, காலில அட்டை ஏறுது" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பிடித்துவிட்டேன். கமராவின் திரை தீப்பெட்டியளவுதான். வீட்டுக்குப் போய்க் கணினியில் ஆறுதலாகப் பெருப்பித்துப் பார்க்கலாம் என்று உறைக்குள் வைத்தேன்.

இறங்கி வரும்போது, ஏறும்போது இல்லாத ஒரு சோதனைச் சாவடி. எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிய இளம் சிப்பாய்க்குக் கமராவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சந்தேகத்தில் அல்ல, ஆசையில்தான் வாங்கினான். படத்தைப் பெருப்பிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனான். மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிகிறதென்று பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொன்னான். எனக்கு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவன் படத்தை ஒரு பக்கமாக நகர்த்தினான். மனைவியின் தோளைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். முகம் இறுகியது. திரையை என் பக்கம் திருப்பினான். கீழே நகரத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி, மண்மூட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் உருவம். இராணுவக் காவலரண். மலையில் நின்ற என் கண்ணுக்கு அங்கே வெறும் கூரைகள்தான் தெரிந்தன. நான் காணாததைக் கமரா கண்டிருந்தது.

மேலதிகாரி வந்தார். திரையைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஏன் எடுத்தாய், யாருக்கு அனுப்ப எடுத்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மனைவி, மனைவி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கீழ்வீட்டு ஆசிரியரின் செருப்பு இன்னும் படிக்கட்டில் கிடப்பது ஏனோ ஞாபகம் வந்தது.

மனைவி, தகப்பனின் ரயில்வே வேலையால் நாவலப்பிட்டியில் வளர்ந்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் அதிகாரியை விட்டுவிட்டு அந்தச் சிப்பாயிடம், "மல்லி, நீயே பார்த்தாய்தானே, இந்த மனிதர் என்னைத்தான் எடுத்தார். அதிலும் நான் குண்டாக இருக்கிறேன். அழித்துவிடு" என்றாள். தம்பி என்று கூப்பிட்டதாலோ என்னவோ, அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்ணைத்தான் எடுத்திருக்கிறார் சேர் என்று மெதுவாகச் சொன்னான். அதிகாரி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, எல்லாவற்றையும் அழி என்றார். மனைவியே கமராவை வாங்கி அழித்தாள்.

பேருந்து புறப்பட்ட பிறகுதான் பேசினாள்.

"இனி ஆகச் சின்னனில வச்சு எடுங்கோ. முகம் தெரிஞ்சாப் போதும்."

அன்றே கமராவை ஆகக் குறைந்த மெகாபிக்சலுக்கு மாற்றினேன். யுத்தம் முடிந்ததென்று தெருவெல்லாம் பட்டாசு வெடித்தபோதும் அதைத் திரும்பக் கூட்டவில்லை. பயம் அறிவித்தல் கேட்டு முடிகிற சாமானா? அவளை எத்தனையோ தடவை எடுத்தேன், எல்லாம் சின்னன்.

போன வருடம் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும் என்று நகரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே வேலை செய்த தம்பி எல்லாப் படத்தையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். "முகம் கட்டம் கட்டமா உடையுதுங்க ஐயா. பெருசா எடுத்தது ஒன்னுகூட இல்லீங்களா?"

இருந்தது. அதில் அவளுடைய மூக்குத்திக் கல்கூட மின்னியதாம். அந்தச் சிப்பாய் சொன்னான். அவன் ஒருவன்தான் அந்த முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தவன்.