உருண்ட ஜீப்புக்குக் கவுண்ட்டர் கண்ணாடி

உருண்ட வண்டியைத் தூக்கி நிறுத்துவது என் தொழில். அதில் கஷ்டமான பகுதி, அது எப்படி உருண்டது என்று ஓனர் சொல்லும் கதையைச் சிரிக்காமல் கேட்டு முடிப்பது. பொன்மலையில் எனக்கு அரை ஷெட் இருக்கிறது. இடத்தில் முழுசு, நேரத்தில்தான் அரை. பகலில் அது பெயிண்ட்டர் சலீம் பாயுடையது, பொழுது சாய்ந்தால் என்னுடையது. யாரும் எனக்குத் தொழில் சொல்லித் தரவில்லை. தூக்கம் வராத ஆள் கையில் கிடைத்ததை ராத்திரியில் பிரித்துப் போட்டு, விடிவதற்குள் மாட்டத் தெரியாமல் முழித்து முழித்து, அப்படியே மெக்கானிக் ஆகிவிட்டேன். அடுத்தவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து ஆயுசைக் கழிக்கிற சக பாவிகளே, ஒரே ஒரு ஜீப்பின் கதையை மட்டும் சொல்கிறேன். மற்றது உங்களுக்கே தெரியும்.

நின்ற வண்டி

மருங்காபுரிப் பக்கம் நிலக்கடலை போடுகிற தங்கவேல் அண்ணன் தன் ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பழைய ஜீப். தார்ப்பாய்க் கூரை, முன்னால் நடுக்கம்பி வைத்து ரெண்டு துண்டாகக் கண்ணாடி. கூரைக் கம்பி இப்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி ரெண்டும் இல்லை.

"எவ்வளவு வேகம்ண்ணே?"

"வேகமா? ஆடு குறுக்க வந்துச்சு, நிறுத்திட்டேன்."

"நிறுத்தின வண்டி எப்படிண்ணே உருளும்?"

கேட்கக் கேட்கத்தான் வந்தது. குளத்துக் கரை மேலே ஆட்டுக்கு வழிவிட ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பக்கத்து சீட்டில் அவர் சம்சாரம் மலர்க்கொடி அக்கா. "பின்னாடி பள்ளம்" என்று அக்கா கத்த, "தெரியும் தெரியும்" என்று இவர் அதைவிடப் பெரிதாகக் கத்த, காய்ந்து கிடந்த குளத்துக்குள் வண்டி ஒரு முழுப் பல்டி அடித்து மறுபடி சக்கரத்தில் நின்றிருக்கிறது. இவருக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணாடி சிதறி அக்காவுக்கு நெற்றியில் நாலு தையல். சரி, காரணம் என்னதான் என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிட்டோம் தம்பி. ஆடு ஒண்ணுதான் பேசாம இருந்துச்சு."

ஒரே சந்தைக்கு ரெண்டு பஸ்

பாடியை நிமிர்த்துவது பெரிய விஷயமில்லை. சங்கிலி, ஜாக்கி, வெல்டிங், கொஞ்சம் கெட்ட வார்த்தை. ரெண்டு வாரத்தில் ஜீப் ஜீப் மாதிரி ஆகிவிட்டது. புதுக் கண்ணாடிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்த சாயங்காலம் தங்கவேல் அண்ணன் வந்து டேப்பைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி போடாத தம்பி. கண்ணாடி மாட்டினா இந்த ஜீப்புல அவ ஏறவே மாட்டேங்கிறா."

வாராவாரம் மணப்பாறை சந்தைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போகிறவர்கள். மூட்டை தூக்குவது அவர், விலை பேசுவது அக்கா. உருண்ட நாளிலிருந்து அக்கா ஏழு மணி பஸ்ஸில் போகிறார், இவர் ஏழரை மணி பஸ்ஸில். அக்கா இருக்கிற பஸ்ஸில் இவர் ஏறினால்கூட அக்கா இறங்கிவிடுகிறாராம். நான் சிரிக்கவில்லை. என் பக்கத்து சீட்டு காலியாகி ஒன்பது வருஷம். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போன என் சம்சாரத்துக்கு அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. வேண்டுமானால் முன்பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிடலாமே என்றேன். காற்றும் தூசியும் தையல் போட்ட இடத்தில் படக்கூடாதாம். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "நீ என்ன வேணா மாட்டு. அவ ஏறலைன்னா அது வண்டி இல்ல தம்பி, கோழிக்கூடு."

பாயின் ஆசீர்வாதம்

விடிகாலை டீயில்தான் நானும் சலீம் பாயும் ஷெட்டைக் கை மாற்றிக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னேன். "இதுல என்ன யோசனை? கண்ணாடி கூடாதுன்னா பிளாஸ்டிக். கொரோனா நேரத்துல கடை கடைக்கு மாட்டுனாங்களே ஒரு தகடு, அது எல்லா ஊர்லயும் தூசி படிஞ்சு கிடக்கு" என்றார். சட்டம் என்ன சொல்லும் என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் சட்டத்தைவிட அக்காவுக்குப் பயந்திருந்த நேரம் அது. பாய் டீயை முடித்துவிட்டு ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தார்ப்பாய்க் கூரை, தகரச் சுவரு, இப்ப பிளாஸ்டிக் ஜன்னல். மாஷா அல்லா, டயர் வச்ச தண்ணிப் பந்தல்!"

டோக்கன்

தில்லை நகரில் ஒரு சின்ன கிளினிக்கின் மாடிப்படிக்கு அடியில் தகடு கிடைத்தது. ஆள் உயரம், நல்ல கனம். ஒரு ஓரத்தில் பேசுவதற்கு வட்டமாக ஓட்டை. அதற்கு மேலே சிவப்பு ஸ்டிக்கர் எழுத்தில் 'ஒருவர் மட்டும் பேசவும்'. ரிசப்ஷனில் இருந்த அம்மா அதைத் தூக்கிப் பிடிக்க உதவினார். அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் என் முகம், நடுவில் ஓட்டை. எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்: "சும்மா எடுத்துட்டுப் போங்க சார். இதுக்குப் பின்னாடி நின்னா 'டோக்கன் நம்பர் என்ன'ங்கிறதைத் தவிர எனக்கு வேற வார்த்தையே வரமாட்டேங்குது."

புறப்பாடு

பிளாஸ்டிக்கை நான் அறுத்தால் விரிசல் விடும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் சுவாமி படங்களுக்குச் சட்டம் போடும் வரதன் ஸ்வாமியிடம் எடுத்துப் போனேன். ஓட்டையும் எழுத்தும் இல்லாத பகுதியிலிருந்து ஜீப்புக்கு ரெண்டு துண்டு அழகாக அறுத்துக் கொடுத்தார். ஓட்டை உள்ள மிச்சத்தை அங்கேயே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். "எடுத்துண்டு போயிடும், எந்த திவ்ய தம்பதிக்கும் நான் ஓட்டை வச்சுப் போடறதா இல்லை" என்று கையில் திணித்தார். நல்ல துண்டு ஒன்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வீதிக் கோடியில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். லேசாகச் சாய்த்தார், கோபுரம் நெளிந்தது. மறுபடி பார்த்தார். "ஓய், இது வழியா சேவிச்சா சயனத்துல இருக்கற மூலவரே ஆடி அசைஞ்சு புறப்பாடு கண்டருள்வார்!"

சூடம்

ரெண்டையும் மாட்டினேன். ஜம்மென்று இருந்தது. அக்காவை அழைத்துக்கொண்டு, அதாவது அக்காவுக்கு முந்தின பஸ்ஸில், தங்கவேல் அண்ணன் வந்தார். அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். விரலால் சுண்டிப் பார்க்கச் சொன்னோம். வந்து சுண்டினார், 'டப் டப்' என்றது. முகத்தில் ஏதோ இளகுகிற மாதிரிப் பட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

திருஷ்டி கழிக்காமல் ஏற்றக்கூடாது என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை. தட்டில் ஒரு கைப்பிடிச் சூடத்தைக் கொட்டிக் கொளுத்தி, மூன்று சுற்று சுற்றி, அக்கா உட்காரப்போகிற பக்கம் பிளாஸ்டிக்குக்கு நேர் கீழே தட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். குலதெய்வத்திடம் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான் பூசணிக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உள்பக்கம் மடங்கி, நடுவில் சொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்புவதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னது: "கண்ணாடி குத்துச்சு. இது அழுவுது. இவரு கை பட்டா எதுதான் சும்மா இருக்கும்?"

தின்னர்

வேறு தகடு தேடிப் பார்த்தேன், அதே கனத்தில் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஓட்டைத் துண்டுதான். அதையே அளவுக்கு அறுத்து வாங்கினேன். ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்துக்கொள்ளலாம், எழுத்தை மட்டும் எடுக்கவேண்டும் என்று கணக்கு. எங்கள் ஆட்களுக்கு எந்த அழுக்குக்கும் ஒரே மருந்து தின்னர். துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். ஒரு நிமிஷத்தில் அந்த மூலை முழுக்கப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. பதறிப்போய் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தேன். அது இப்போதுதான் மனசு வைத்து முழுசாக வந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் மட்டும் தின்னர் படவில்லை. வெள்ளை மூட்டத்துக்கு நடுவே, கழுவிவிட்ட மாதிரித் தெளிவாக, காலத்துக்கும் அழியாமல், 'ஒருவர் மட்டும் பேசவும்'. காலையில் வந்த பாய் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "எழுதணும்னா ஊரே என்கிட்ட வரும். நீங்க அழிக்கப் போயி இவ்வளவு நல்லா எழுதிட்டீங்களே!"

ரிவர்ஸ்

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கவேல் அண்ணன் வந்து பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவளைக் கூப்பிடவே இல்ல தம்பி. எந்த மூஞ்சியோட கூப்பிடுறது?" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பஸ் வந்தது. அக்கா இறங்கி வந்தார். "அந்த அழுத பிளாஸ்டிக்கு என்னாச்சுன்னு பார்க்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே.

சுண்டிப் பார்த்தார். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார். பிறகு சீட்டுப் பக்கம் வந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். "ஒருவர்... மட்டும்... பேசவும்." நான் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா முந்தானையை இழுத்துச் சொருகி, ஏறி உட்கார்ந்தார். "இல்ல மலரு, அது வந்து..." என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா எழுத்தை விரலால் காட்டினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

என் ஷெட்டிலிருந்து ரிவர்ஸில்தான் வெளியே போகமுடியும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி பின்னால் நகர்ந்தது. "பின்னாடி டிரம்மு" என்றார் அக்கா, சாதாரணக் குரலில். 'தெரியும்' வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. திறந்து பார்த்தால், டிரம்முக்கு ஒரு சாண் முன்னால் ஜீப் நின்றிருந்தது. அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். அக்கா குனிந்து, ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்து, எதிரே நின்ற என்னிடம் சொன்னார்: "மெக்கானிக்கு, ரப்பரை நீங்களே வச்சுக்கங்க. ஒருத்தர்தான் பேசணும்னு போட்டிருக்கு, அந்த ஒருத்தர் யாருன்னு இவரு கேக்கவே இல்ல பாருங்க. வண்டி சரியாயிடுச்சு."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: உருண்ட வண்டியைத் தூக்க நூறு ஜாக்கி இருக்கிறது, காலியான பக்கத்து சீட்டை நிரப்பத்தான் தப்பாகத் துடைத்த ஒரு பிளாஸ்டிக் தேவைப்படுகிறது, அதுவும் அடுத்தவன் வண்டிக்கே மாட்டிக்கொடுத்தாகிவிட்டது.